பெயரில்லாதவர்களில் பதினாலு பேர் குறைவு

நான் கோபக்காரி. கோலார் தங்க வயலில் உள்ள ஊரிகம் ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சீட்டுக்குச் சண்டை, ஜன்னலைத் திறக்கச் சண்டை, போனில் சத்தமாகப் பாட்டு வைக்கிறவர்களோடு சண்டை. ஆனால் ஒரு ஒன்றரை வருஷம் நான் ரயிலில் யாரிடமும் வாய் கொடுக்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன கிரேக்கக்காரர்களைப் பற்றிப் போனில் படித்துக்கொண்டே பெங்களூர் போய்ச் சேர்ந்தேன். பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று சிலர் நினைத்தார்களாம்.

பெங்களூரில் என் வேலை இதுதான். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். எங்கள் ஆபீஸில் ஒருவர் அதைப் பார்த்து டைப் அடிப்பார். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து சரியா என்று பார்ப்பேன். பதினெட்டு வருஷமாக இதே வேலை. அதில் பெரும்பாலும் இன்சூரன்ஸ் படிவங்கள்தான். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு, யார் எந்தக் கையை உடைத்துக்கொண்டார்கள் என்று பார்த்துப் பார்த்து, மனுஷர்கள் என்றாலே வியாதிகள்தான் என்று ஆகிவிட்டது எனக்கு.

அப்போதுதான் இந்தக் கிரேக்க வேலை வந்தது. கான்ஸ்டான்டினோப்பிளைத் தலைநகராக வைத்துக் கிரேக்கம் பேசியவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆண்ட ராஜ்ஜியம் ஒன்று இருந்தது. பைசாந்தியம் என்கிறார்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம் வந்தாலே பெரிது. அந்த ராஜ்ஜியத்தில் வாழ்ந்து, எந்த ஏட்டிலாவது ஒரு தடவை தலையைக் காட்டிய ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கார்டு எழுதி வைத்திருந்தார்கள் வெளிநாட்டில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில். பெட்டி பெட்டியாகக் கார்டுகள். அதையெல்லாம் வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும். ராஜாவுக்கு ஒரு கார்டு, ராஜாவின் சமையல்காரனுக்கும் ஒரு கார்டு. கார்டின் அளவு ஒன்றேதான்.

கார்டுகள் இங்கிலீஷில்தான் இருந்தன. நடுநடுவே கிரேக்கச் சொற்கள் வரும். எங்கள் சர்ச்சில் பீடத் துணியில் ஆல்ஃபாவும் ஒமேகாவும் எம்பிராய்டரி நூலில் தைத்திருக்கும். அதனால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் எனக்கு முன்பே தெரியும். நடுவில் உள்ளதை ரயிலில் கற்றுக்கொண்டேன். அர்த்தம் தெரியாது, எழுத்து தெரியும். சரிபார்க்க அது போதும்.

ஆனால் அதோடு நிற்க என்னால் முடியவில்லை. ஒவ்வொரு கார்டின் அடியிலும் இந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்று எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனேன். அடேயப்பா! மலை மேல் உள்ள மடங்களின் நிலப் பத்திரங்களை வரி வரியாக அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாத சாட்சி போட்ட சிலுவைக் குறியைக்கூட விடவில்லை. இடைக்காலக் கிரேக்கத்துக்கென்று ஓர் அகராதி. அதை ஆரம்பித்தவர்கள் முடிவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்களாம். அடுத்தவர்கள் விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தார்களாம். என்னை உண்மையிலேயே வாயடைக்க வைத்தது ஈய முத்திரைகள்தான். அந்தக் காலத்தில் கடிதத்தைச் சுருட்டி நூல் கட்டி, முடிச்சின் மேல் ஈயத்தை வைத்து அமுக்கி, பெயரும் பதவியும் பதிப்பார்கள். கடிதங்கள் மக்கிப் போயின. நூலும் போயிற்று. ஈயத் துண்டுகள் மட்டும் வயலிலும் வாய்க்காலிலும் கிடந்து இப்போது மியூசியங்களில் இருக்கின்றன. காசு அளவுள்ள அந்தத் துண்டுகளைப் படிப்பதிலேயே ஆயுளைக் கழித்த பெண்மணி ஒருவரைப் பற்றிப் படித்தேன். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அன்றைக்குப் பெங்களூர் வந்ததே தெரியாமல் ரயிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. குழாயடியில் போய், எம்பொண்ணு செத்தவங்களை எழுப்பிக்கினு கீறா என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள்.

இப்போது எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ராஜ்ஜியத்தில் ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான ஆட்கள். எங்கள் சர்ச்சிலும் வேதாகமப் பெயர் ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதி ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி. அதனால் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருந்தார்கள். பெயரே தெரியாதவர்களும் உண்டு. துறவிக்கு அத்திப்பழம் கொண்டுவந்த வேலைக்காரன். படகில் தூங்கிப்போன ஒருவன். தன் ஆட்டைத் தேடி வந்து வழி கேட்ட கிழவி. ஏட்டில் அரை வரி வந்தவர்கள். அவர்களையும் விடாமல், பெயரில்லாதவர் ஒன்று, பெயரில்லாதவர் இரண்டு என்று எண் கொடுத்திருந்தார்கள். ஆபீஸில் மற்றவர்களுக்கு இது விசித்திரமாக இருந்தது. எனக்கு இல்லை. கோலார் தங்க வயலில் பிறந்தவளுக்கு மனுஷனுக்கு எண் இருப்பது புதிதா என்ன?

அந்தப் பெயரில்லாதவர்கள் கட்டுதான் என் பங்குக்கு வந்தது. நாலு மாதம் பார்த்தேன். கடைசிக் கார்டை முடித்து, ஃபைலின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டால் வேலை முடிந்தது. போடுவதற்கு முன் ஒருமுறை எண்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தேழுக்குப் பிறகு முப்பத்தொன்பது. நடுவில் ஆள் இல்லை. இன்னும் போனால் இன்னொரு இடம். மொத்தம் பதினாலு எண்களுக்கு ஆளே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் தோளைக் குலுக்கிவிட்டு டிக் போட்டிருப்பார்கள். என்னால் முடியவில்லை. காரணம் என் அப்பா. தங்கச் சுரங்கத்தில், ஆட்களைக் கீழே இறக்குகிற ஷாஃப்ட் வாசலில் டோக்கன் கொடுத்து வாங்குகிற அறையில்தான் அவருக்கு வேலை. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிற ஒவ்வொருவரும் தன் எண் போட்ட டோக்கனை எடுத்துக்கொண்டு போவார்கள். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். டோக்கன்களை மாட்டப் பலகையில் ஆணி ஆணியாக அடித்திருக்கும். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். எல்லா ஆணியும் நிறையாமல் அப்பா ஷிஃப்ட்டை முடித்துக் கையெழுத்துப் போட மாட்டார்.

ஒரு தடவை ஓர் ஆணி நிறையவில்லை. மேலதிகாரி கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். அப்பா மறுத்துவிட்டார். அடுத்த ஷிஃப்ட்டை நிறுத்தி வைத்து, கீழே ஆட்களை அனுப்பி லெவல் லெவலாகத் தேடினார்கள். தேடப்பட்டவர் வீட்டில் சட்டைப் பையில் டோக்கனோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கூட்டத்தில் முண்டிக்கொண்டு டோக்கனைக் கொடுக்காமலேயே வந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் லைன் வீட்டு வரிசையே அப்பாவைக் கிண்டல் செய்தது. உங்கப்பா இன்னிக்கு யாரைத் தேடறாரு என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்பார்கள். ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்து, நான் ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றேன். மைன்ஸ் மூடி, அப்பாவும் போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்னும் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் சில பெரியவர்கள் என்னைப் பார்த்தால் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

எனவே நான் டிக் போடவில்லை. பதினாலு பேர் குறைகிறார்கள், தேட வேண்டும் என்று எங்கள் டீம் லீடரிடம் போய்ச் சொன்னேன். மைசூர்ப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். சந்தோஷமாக இருந்தால் என்னை அக்கா என்பாள், கோபம் வந்தால் மேடம் என்பாள். அன்றைக்கு முதலில் அக்கா என்றுதான் ஆரம்பித்தாள். கார்டில் உள்ளதைச் சரிபார்ப்பதுதான் நம் வேலை, இல்லாத கார்டைத் தேடுவது இல்லை என்றாள். நான் கேட்கவில்லை. ஸ்கேன்களை மறுபடி முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம். மூன்றாவது வாரம் மேடம் ஆகிவிட்டேன்.

அவள் என் மேஜைக்கு வந்து, வேலை ஆரம்பித்தபோது எல்லோருக்கும் கொடுத்த குறிப்புப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். எண்களில் இடைவெளி இருந்தால் கவலைப்பட வேண்டாம் என்று அதில் அச்சடித்திருந்தது. இரண்டு பேர் என்று நினைத்து எண் கொடுத்த ஆள் பிறகு ஒரே ஆள் என்று தெரிந்தால், ஒரு எண்ணை எடுத்துவிடுவார்களாம். அந்த எண்ணை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம். அப்படி எடுத்துவிட்ட எண்களின் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதாம்.

நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை. பதினெட்டு வருஷ அனுபவம் உள்ளவளுக்குக் குறிப்பு எதற்கு என்ற திமிர். ஆபீஸே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். முகம் எரிந்தது. அப்பாவின் பெண்தான் நான், சந்தேகமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நாளைக்குள் டிக் போடாவிட்டால் என்னை இந்த வேலையிலிருந்து எடுத்து மறுபடி இன்சூரன்ஸ் படிவங்களில் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

டிக் போடத்தான் போனேன், சத்தியமாக. மௌஸில் கையை வைத்தேன். ஆனாலும் கை கேட்கவில்லை. கடைசிப் பக்கத்துப் பட்டியலை எடுத்து, என் பதினாலையும் அதில் ஒவ்வொன்றாகத் தேடினேன். முப்பத்தெட்டு, இருந்தது. அடுத்தது, இருந்தது. பதிமூன்று எண்கள் இருந்தன. நூற்றுப் பதினேழு இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை.

பதிமூன்று பேர் வீட்டில் தூங்குகிறார்கள் என்று தெரிந்துவிட்டது. ஒருத்தர்?

டீம் லீடரிடம் மறுபடி போனேன். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பட்டியலில் அச்சுப்பிழையாக இருக்கும், ஒரே ஒரு எண் மேடம், என்றாள். மறுநாள் நான் டிக் போடவில்லை. அதற்கு மறுநாள் என் மேஜையில் இன்சூரன்ஸ் படிவங்கள் இருந்தன. என் ஃபைலை, டிக் போடாமலேயே, தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொட்டித் தீர்த்தேன். அழுதேன் என்றே சொல்லலாம். பெயர் தெரியாத, ஊர் தெரியாத யாரோ ஒரு ஆளுக்காகப் பிடித்த வேலையைக் கெடுத்துக்கொண்டேனே என்று என்மேலேயே ஆத்திரம். அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுக்கு வேற யாராச்சும் கீறாங்களா தேடறதுக்கு?" என்றாள்.

யாரும் இல்லை என்றேன்.

"அப்ப இன்னா, நீதான் தேடணும். அளுதுகினு உக்காந்தா ஆவுமா?"

அந்த வலைத்தளத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. படிப்பவர்கள் யார் வேண்டுமானாலும் பிழை கண்டால் எழுதலாம் என்று போட்டிருக்கும். பேராசிரியர்கள் எழுதுகிற இடம் என்று நினைத்து அதன் பக்கமே நான் போனதில்லை. எங்கள் ஆபீஸில் யாரும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேராக எழுதக்கூடாது, எல்லாம் டீம் லீடர் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் நான் இப்போது அந்த வேலையிலேயே இல்லையே! ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, பழைய புடவையோடு உட்கார்ந்து, போனிலேயே எழுதினேன். என் இங்கிலீஷ் எவ்வளவோ அவ்வளவு. பெயரில்லாதவர் நூற்றுப் பதினேழு நீங்கள் எங்கள் ஆபீஸுக்கு அனுப்பிய ஸ்கேன்களிலும் இல்லை, எடுத்துவிட்ட பட்டியலிலும் இல்லை என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நான் ஒரு சுரங்க ஊர்க்காரி, எங்கள் ஊரில் ஓர் எண் திரும்பி வராவிட்டால் ஷிஃப்ட்டை முடிக்க மாட்டோம், அதனால்தான் கேட்கிறேன், தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்றும் சேர்த்தேன். அனுப்பின பிறகு போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

ஒரு வாரம் பதில் இல்லை. இரண்டாவது வாரமும் இல்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, உடைந்த கை. ரயிலில் மறுபடி சண்டை போட ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை பதில் வந்தது. அந்த வேலைக்கெல்லாம் தலைவியாக உள்ள பேராசிரியை எழுதியிருந்தார். முதலில் தானும் அச்சுப்பிழை என்றுதான் நினைத்ததாகச் சொன்னார். பிறகு என் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் மனசை விடாமல் அரித்ததால், கார்டுப் பெட்டிகள் உள்ள நிலவறைக்குத் தானே இறங்கிப் போனாராம். நூற்றுப் பதினாறாம் கார்டைக் கையில் எடுத்தபோது அது கொஞ்சம் தடிமனாக இருந்ததாம். எப்போதோ யாரோ ஒட்டிய டேப்பின் பசை கசிந்து, நூற்றுப் பதினேழு அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்கேன் செய்தவர்களுக்கு அது ஒரே கார்டு. எத்தனை வருஷமாக அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நீராவி காட்டிப் பிரித்திருக்கிறார்கள். படமும் அனுப்பியிருந்தார். மங்கலான டைப் எழுத்து, போன் திரையில் எண்ணைத் தவிர எதையும் படிக்க முடியவில்லை, ஒரு மூலை கிழிந்திருந்தது.

அவர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எந்தக் காலத்திலோ ஒரு துறவியின் வரலாற்றை யாரோ ஒரு சீடன் எழுதுகிறான். அதைப் பார்த்து இன்னொருவன் ஆட்டுத்தோலில் நகல் எழுதுகிறான். அது தீயில் வேகாமல், எலி தின்னாமல் வந்து சேருகிறது. ஒருவர் அதைப் படித்து, அரை வரி ஆளுக்கு ஒரு கார்டு எழுதுகிறார். அந்தக் கார்டு பசையில் மாட்டிக்கொள்கிறது. அத்தனை கை மாறி வந்தவர் கடைசியில் என்னிடம் வந்து நிற்கிறார். நான் யார்? ஊரிகம் லைன் வீட்டுக்காரி. எனக்குக் கிரேக்கத்தில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது. இப்படி ஒரு வேலை உலகத்தில் நடக்கிறது, அதில் என் விரலும் பட்டது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

பேராசிரியை எங்கள் டீம் லீடருக்கும் எழுதியிருந்தார். அந்தக் கார்டை வேறு யாரும் டைப் அடிக்க வேண்டாம், எழுதிக் கேட்டவரே ஏற்றட்டும் என்று. டீம் லீடர் என் மேஜைக்கு வந்து, படிவங்களை எடுத்து ஓரமாக வைத்தாள். ஃபைலைத் திறந்து கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பதினெட்டு வருஷத்தில் நான் ஒரு கார்டையும் ஏற்றியதில்லை. பிறர் ஏற்றியதைச் சரிதான் என்று சொல்வதுதான் என் வேலை. டைப் அடிக்க ஆரம்பித்தேன். பெயர்: தெரியவில்லை. எண்: நூற்றுப் பதினேழு. ஆண். ஊர்: தெரியவில்லை. அடுத்தது தொழில். கார்டில் ஒன்றும் இல்லை. மூலத்தில் இல்லாததை எழுதக்கூடாது என்பது சட்டம். இந்தத் தடவை குறிப்புப் புத்தகத்தைப் படித்திருந்தேன். ஆனாலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட எனக்கு மனசே வரவில்லை. விட்டேன்.

அதற்குக் கீழே அவரைப் பற்றிய செய்தி. இரண்டே வரி. மடத்துக் கிணறு வற்றிப்போனது. துறவிகள் ஒரு ஆளை இடுப்பில் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். முதல் வரி அவ்வளவுதான். அதை டைப் அடித்துவிட்டு நிறுத்தினேன். அடுத்த வரியை நான் இன்னும் படித்திருக்கவில்லை. படிக்கப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. கயிறு கட்டி இறங்கினவர்களைப் பற்றி எங்கள் ஊரில் எத்தனை கதைகள் முதல் வரியோடு நின்றுபோயிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

டீம் லீடர் கார்டின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். படித்தேன். அவர் உடம்பெல்லாம் சேற்றோடு மேலே வந்து, தண்ணீர் ஊறுகிறது என்று சொன்னார்.

அதையும் டைப் அடித்தேன். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். டிக் போட்டேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் புடவைத் தலைப்பைத் தேடினேன். டீம் லீடர் பயந்துபோய், என்ன ஆயிற்று அக்கா, ஏன் அழுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள்.

"ஆளு மேல வந்துட்டாரும்மா" என்றேன்.

அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. இருந்தாலும் தலையை ஆட்டினாள்.